உனக்கு மேல யாரு?

இங்கிலாந்தில் ரெப் வேலை கிடைத்த செய்தியைப் போனில் சொன்னபோது அம்மா சம்பளத்தைக் கேட்கவில்லை. "உனக்கு மேல யாரு, ஆம்பளையா பொம்பளையா?" என்றுதான் கேட்டார். பொம்பளை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "பாத்து நடந்துக்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனசிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது.

மதுரையில் ஒன்பது வருஷம் மெடிக்கல் ரெப்பாக, அதாவது டாக்டர்களைப் பார்த்துக் கம்பெனி மருந்தை எடுத்துச் சொல்பவளாக, இருந்தவள் நான். எங்கள் டீமில் 14 பேர், பெண் நான் ஒருத்திதான். காலையில் பெரியாஸ்பத்திரி ஓ.பி., மதியம் ஸ்டாக்கிஸ்ட் எனும் மொத்த வியாபாரி, கெமிஸ்ட் கடைகள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கோரிப்பாளையம், கே.கே. நகர், அண்ணா நகர் கிளினிக்குகள். கடைசி பேஷன்ட் போன பிறகுதான் ரெப்களைக் கூப்பிடுவார்கள். சில நாள் மணி பத்தரை ஆகிவிடும். மருந்தை விளக்கும் படப் புத்தகமான விஷுவல் எய்டைப் பிரித்து ஒரு நிமிஷம் பேச விட்டால் அது நல்ல நாள். வாரம் ஒரு நாள் உசிலம்பட்டி, ஒரு நாள் மேலூர். மாதக் கடைசியில் டார்கெட் இடித்தால் ஸ்டாக்கிஸ்ட் கடை வாசலே கதி.

எங்கள் ஏ.எஸ்.எம். (ஏரியா சேல்ஸ் மேனேஜர்) ஜாயின்ட் வொர்க் வரும் நாள்தான், அதாவது ரெப்போடு சேர்ந்து டாக்டர்களைப் பார்க்க வரும் நாள்தான், பெரிய கூத்து. ஆண் ரெப் என்றால் அவன் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றுவார். என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார அவருக்கு மனமில்லை. அவர் பின்னால் நான் உட்கார்ந்தால் ஊர் பேசும். அதனால் அவர் ஆட்டோவில் முன்னால் போவார், நான் ஸ்கூட்டியில் பின்தொடர்வேன். ஒருமுறை சிக்னலில் ஆட்டோவைத் தவறவிட்டு, வேறொரு ஆட்டோவைத் தெப்பக்குளம் வரை துரத்திக்கொண்டு போனேன். அன்றைக்கு டாக்டர் வீட்டு வாசலில் வைத்து எல்லார் முன்னாலும் அவர் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் அவரைப் பற்றி எவர் கேட்டாலும் "சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட், ஆனா வேலை தெரிஞ்சவரு" என்றுதான் சொல்வேன்.

ஏ.எஸ்.எம். போஸ்ட் ஒன்று காலியானபோது என் நம்பர்கள்தான் முதலில் இருந்தன. "ராத்திரி பஸ், லாட்ஜ், டூர்னு அலையணும்மா, உங்களுக்கு எதுக்கு?" என்று அதே சார் பரிவோடு கேட்டார். எனக்கும் அது பரிவாகத்தான் பட்டது. அப்போது குழந்தை கைக்குழந்தை.

2021இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்துக்கு வந்தோம். என் கணவர் நர்ஸ். பிரிட்டன் 2020இல் கொண்டுவந்த சுகாதாரப் பணியாளர் விசாவில் அவர் வந்தார், அவரைச் சார்ந்தவளாக நான். முதல் ஒன்றரை வருஷம் ஒரு மருந்துக் கடை கவுன்டரில் நின்றேன். இந்திய லைசென்ஸில் 12 மாதம்தான் ஓட்டலாம் என்பதால் இங்கே டெஸ்ட் எழுதி, ஓட்டிக் காட்டி, இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை 11 சின்னப் பிழைகளோடு தேறினேன். 15 வரை மன்னிப்பார்கள். கோரிப்பாளையத்தில் ஸ்கூட்டி ஓட்டியவளுக்கு ரவுண்டானாவில் காத்திருப்பதுதான் கஷ்டம்.

கார் ஓட்டத் தெரியாமல் இங்கே ரெப் வேலை கிடையாது. வேலை கிடைத்த பிறகும், பிரிட்டன் மருந்துக் கம்பெனிகள் சங்கமான ஏ.பி.பி.ஐ.யின் தேர்வு இருக்கிறது. சேர்ந்த முதல் வருஷத்தில் எழுத வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டும். உடற்கூறு, மருந்தியல், விளம்பர விதிகள் எல்லாம் அதில் வரும். ராத்திரி மகள் தூங்கிய பிறகு சிறுநீரகத்தைப் படம் போட்டுப் படித்தேன்.

விதிகளைப் படித்தபோதுதான் நான் செய்துகொண்டிருந்த தொழில் வேறு, இது வேறு என்று புரிந்தது. நாமாகப் போய் ஒரு டாக்டரைப் பார்ப்பது சராசரியாக வருஷத்துக்கு மூன்று தடவைக்கு மேல் போகக் கூடாது. மதுரையில் மூன்று தடவை பார்ப்பது ஒரே மாதத்தில் நடக்கும். மருந்தின் பெயர் போட்ட பேனா கொடுக்கக் கூடாது. டாக்டர்கள் பெரும்பாலும் பிராண்டை விட்டு மருந்தின் மூலப்பெயரைத்தான் எழுதுகிறார்கள். என் பிராண்டை டாக்டர் கைப்பட எழுதினாரா என்று பக்கத்து மெடிக்கலில் போய் மெல்ல விசாரித்து, எழுதியிருந்தால் தனியாக ஒரு டீ குடித்துக் கொண்டாடும் சந்தோஷம் இங்கே இல்லை. டாக்டர்கள் எழுதுவதற்கான பட்டியலில் எந்த மருந்து இருக்கும் என்பதை அந்தந்தப் பகுதியின் மருந்துக் குழு தீர்மானிக்கிறது. நான் அதிகம் பேசுவது டாக்டரிடம் இல்லை, மருந்தகர்களிடம். ஐந்து மணிக்கு வேலை முடிகிறது. முதல் ஆறு மாதம் அந்த ஐந்து மணிக்கு மேல் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

மேனேஜர் என்னைவிட ஆறு வயது சின்னவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். எனக்கு வாய் வரவில்லை. பெயரும் சொல்லாமல் மேடமும் சொல்லாமல் மொட்டையாகப் பேசிச் சமாளித்தேன்.

முதல் ஜாயின்ட் வொர்க். இங்கே அவர் என் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறார், எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து ஊரான நனீட்டனில் ஒரு மருந்தகரைப் பார்த்துவிட்டு வந்தோம். "எப்படிப் போச்சுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். மதுரை சாராக இருந்தால் வண்டி ஸ்டாண்டை எடுப்பதற்குள் தீர்ப்பு வந்திருக்கும். இவருக்கு விஷயம் தெரியவில்லை, அதனால்தான் என்னிடம் கேட்கிறார் என்று முடிவு கட்டினேன். மூன்றரை மணிக்கு, குழந்தையைப் பள்ளியிலிருந்து கூப்பிடப் போக வேண்டும் என்று கிளம்பினார். வேலையில் அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு நாள், மருந்துக்கு அனுமதி இல்லாத ஒரு பயன்பாட்டைப் பற்றி நான் வாய் தவறிச் சொன்னதைக் கேட்டவர், அன்றே அதை எழுத்தில் கொடுக்கச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. தலைக்கனம் என்று வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன்.

என் கணவர் நைட் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சாக்ஸைப் போட்டுக்கொண்டே, "ஒண்ணு கவனிச்சியா?" என்றார். "உங்க மதுரை சாரு உன்னை நடுரோட்டுல வச்சுத் திட்டினாரு. அன்னிக்கும் நீ அவரை 'அவரு'ன்னுதான் சொன்னே. இவங்க உன்னைத் திட்டவே இல்ல. நீ 'அவ'ங்கிறே."

நான் அப்படியா சொன்னேன் என்றேன். ஆறு மாதமாகச் சொல்கிறாய் என்றார். அவருக்கு மேலே இருப்பவர் எப்போதும் ஒரு வார்டு சிஸ்டர்தான், ஊரிலும் சரி இங்கேயும் சரி. "பதினாலு வருஷமா பொம்பளைங்ககிட்டதான் வேலை பாக்குறேன், உசுரோடதானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இங்கிலீஷில் பேசும்போது இது வெளியே தெரியவே தெரியாது. மேனேஜருக்கு நான் மரியாதையான ஆள். என் தமிழ்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. மதுரை சாரும் ஜாயின்ட் வொர்க் நடுவில் மகளுக்கு ஸ்கூல் சீட் வாங்கப் போயிருக்கிறார். அன்றைக்கு டீக்கடையில் "என்ன பொறுப்பான அப்பா" என்று பேசிக்கொண்டோம். பேசியவர்களில் நானும் உண்டு.

அந்த ராத்திரி தூக்கம் வராமல் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். வர்ஜீனியா ஷைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1973இல் ஆண் மேலாளர்களிடம், ஆண் எப்படி, பெண் எப்படி, நல்ல மேலாளர் எப்படி என்று குணங்களை மதிப்பிடச் சொன்னார். ஆணுக்குச் சொன்னதும் மேலாளருக்குச் சொன்னதும் பொருந்திப்போயின. 1975இல் பெண் மேலாளர்களிடம் அதையே கேட்டார். அவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். படித்ததும் ஆறுதலாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நம் ஊரிலும் மருந்துக் கம்பெனியின் உச்சியில் பெண்கள் இல்லாமல் இல்லை. லூப்பின் என்ற மருந்துக் கம்பெனியில் 2013 முதல் வினீதா குப்தா தலைமைச் செயல் அதிகாரி. ஆனால் அவர் நிறுவனரின் மகள். லாட்ஜில் தங்கி, பஸ் ஏறி, ரெப்பிலிருந்து ஏ.எஸ்.எம். ஆன பெண் ஒருத்தரையும் அந்த ஒன்பது வருஷத்தில் மதுரைப் பக்கம் நான் பார்க்கவில்லை. இங்கே எங்கள் டீம் ஏழு பேரில் ஐந்து பேர் பெண்கள்.

அதற்காக மேனேஜர் தேவதை ஆகிவிடவில்லை. அவருடைய எக்செல் ஷீட்டுகள் என் உயிரை வாங்கும். மதியம் 12 மணிக்கு டீம்ஸ் கால் போட்டு சாப்பாட்டைக் கெடுப்பார். கோபம் வந்தால் கத்தித் தொலைத்தால் தேவலை என்று தோன்றும். கத்தலில் ஒரு சௌகரியம் உண்டு, அது முடிந்துவிடும். இவர் இரண்டு வாரம் கழித்து மறக்காமல் அதே விஷயத்துக்கு வருவார், நான் என்ன மாற்றினேன் என்று கேட்பார். வருஷத்துக்கு ஒருமுறை பெயர் போடாத சர்வே வரும், உங்கள் மேனேஜருக்கு பத்துக்கு எத்தனை என்று. முதல் வருஷம் ஐந்து போட்டேன். ஏழு பேர் டீமில் பெயர் போடாவிட்டால் என்ன, அவருக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வருஷம் எட்டு. எக்செல்லுக்காக இரண்டு கழித்துக்கொண்டேன்.

இப்போது அவர் வேறு பிரிவுக்குப் போகிறார். அந்த இடத்துக்கு உள்ளிருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம், வெள்ளிக்கிழமை கடைசி. போன வாரம் ரக்பி என்ற ஊரிலிருந்து திரும்பும்போது "நீங்க போடலியா?" என்றார். மகள் அடுத்த வருஷம் பரீட்சை எழுதுகிறாள், ராத்திரி தங்கும் மீட்டிங்கெல்லாம் வரும் என்று இழுத்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மதுரை சாரின் குரல் என் வாயில் கேட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. காரை விட்டு இறங்கும்போது, "படிவத்தை அனுப்பி வைக்கிறேன்" என்றார்.

நேற்று ராத்திரி அதைத் திறந்தேன். மூன்றாவது கேள்வி: பிறருக்குப் பயிற்சி கொடுத்த, வழிநடத்திய அனுபவம். இல்லை என்று அடித்துவிட்டு, பிறகு அழித்தேன். 2014இல் சார் இரண்டு புதுப் பையன்களை என்னோடு அனுப்பினார், மூன்று மாதம் வேலை பழக்கச் சொல்லி. உசிலம்பட்டி ரூட்டில் எந்த டாக்டரை எந்த நேரத்தில் பார்ப்பது, டெய்லி ரிப்போர்ட்டை எப்படி எழுதுவது, ஸ்டாக்கிஸ்டிடம் எங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. "அக்கா அக்கா" என்று பின்னாலேயே வருவார்கள். ஒருத்தன் இப்போது திருநெல்வேலிக்கு ஏ.எஸ்.எம். இன்னொருத்தன் அதற்கும் மேலே ஆர்.எஸ்.எம். (ரீஜனல் சேல்ஸ் மேனேஜர்) ஆகிவிட்டான்.

அதைத்தான் அந்தக் கட்டத்தில் எழுதினேன். 250 வார்த்தை கொடுத்திருந்தார்கள், போதவில்லை.