வெள்ளைத் தண்ணீரும் கறுத்த பாறையும்: மலையக நீர்வீழ்ச்சிகளில் எடுத்துப் பார்த்தவை

டெவோன் நீர்வீழ்ச்சியை ஹட்டன் – நுவரெலியா வீதியோரத்தில் நின்று எடுக்கிற எல்லோருக்கும் வருகிற தலைவலி ஒன்றுதான். 97 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை. இரண்டு பக்கமும் மரமும் ஈரப் பாறையும் கிட்டத்தட்டக் கறுப்பு. கமராவை அதன் போக்கில் விட்டால், பெரும்பகுதி இருட்டாக இருப்பதைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். காடு பச்சைப் பசேலென்று வரும். தண்ணீர் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைப் பட்டைதான் இருக்கும். றம்பொடை நீர்வீழ்ச்சியில் கிட்டப் போய் எடுத்தால் கதை தலைகீழ். படம் முழுக்கத் தண்ணீர் என்பதால் கமரா வெளிச்சத்தைக் குறைத்து நுரையைச் சாம்பலாக்கிவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் கமராவுக்குள் இருக்கும் ஒளிமானி பார்க்கும்.

அதனால் இப்போதெல்லாம் தண்ணீரில்தான் அளவெடுக்கிறேன். ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கிற ஸ்பொட் மீட்டரிங்கில், தண்ணீர் ஆகத் தடிப்பாக விழுகிற இடத்தை அளந்து, அதற்கு மேல் ஒன்றரை ஸ்டொப் கூட்டுகிறேன் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் இரண்டு வரை போகலாம். ஒரு படம் எடுத்துவிட்டு, இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டுகிற வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பார்க்க வேண்டும். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராம்தான் நல்லது. மொத்தமாகக் காட்டுவதில் ஒரு நிறம் மட்டும் வெளிச்சம் மிஞ்சி, விவரம் அழிந்து எரிந்துபோயிருந்தால் தெரியாது. எரிந்த இடம் மினுக்கிக் காட்டுகிற எச்சரிக்கையும் ரோ ஃபைலை (கமரா பதிவுசெய்த மூலத் தரவை) பார்த்து வருவதில்லை, கமராவுக்குள் உருவாகும் ஜேபெக் படத்தைப் பார்த்தே வருகிறது. அந்த ஜேபெக்கின் தோற்றத்தைத் தீர்மானிக்கிற பிக்சர் ஸ்டைலைக் கொன்ட்ராஸ்ட் குறைந்த ஒன்றில் வைத்தால் அந்த எச்சரிக்கையை ஓரளவு நம்பலாம். நுரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்கினால் நான் கவலைப்படுவதில்லை. ஒரு தாரை முழுவதும் மினுக்கினால்தான் குறைப்பேன்.

ஷட்டர் வேகத்துக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. வேகமான ஷட்டரில் துளி ஒவ்வொன்றும் தனித்தனிப் பொட்டாக மின்னும்; இடையிடையே பாறையின் கறுப்பு தெரியும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினால் அந்த மின்னலும் கறுப்பும் கலந்து சராசரியாகிவிடும். மெல்லிய தாரைகளில் இது லாபம், எரிந்த பொட்டுகள் குறையும். தடித்த தாரையில் ஓயாமல் வெள்ளை விழுந்துகொண்டே இருப்பதால் சராசரியும் வெள்ளைதான். டெவோனில் ஒரே இடத்தில் ட்ரைபொட்டை வைத்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8 என்று விட்டு, வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டரை மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கால் செக்கன் படத்தில், உச்சி விளிம்பைத் தாண்டியதும் தண்ணீர் பல நூல்களாகப் பிரிவதும், நூலுக்கு நூல் இடையில் இளஞ்சாம்பல் நிழல் ஓடுவதும் இருந்தன. நான்கு செக்கன் படத்தில் அந்த நிழல் எல்லாம் ஒன்றாகக் குழைந்துபோயிருந்தது. எக்ஸ்போஷர் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் தண்ணீருக்கு உருவம் இருந்தது, மற்றதில் இல்லை. பட்டுப்போல வழுவழுப்பான தண்ணீரை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் ருசி. எனக்குக் கால் செக்கனுக்கும் அரை செக்கனுக்கும் இடையில்தான் மனம் நிற்கிறது.

இனி நிழல். கடும் மழைக்காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, தலவாக்கலைப் பக்கம் பிற்பகலில் மூடுபனி இறங்கும். டெவோன் எதிரே அவித்த சோளம் விற்கிற அக்கா ஒருவர், "என்ன தம்பி, வெயில் வர்ற நேரத்துல கமராவ உள்ள வைக்கிறீங்க, பனி இறங்கினா வெளிய எடுக்கிறீங்க?" என்று சிரித்தார். உண்மையில் எனக்கு வேண்டியது அந்தப் பனிதான். மெல்லிய பனி வெளிச்சத்தைச் சிதறடித்து நாலா பக்கமும் அனுப்புகிறது. வெயிலில் குழியாகக் கிடந்த பாறை இடுக்குக்கும் கொஞ்சம் வெளிச்சம் போய்ச் சேருகிறது, தண்ணீரின் வெள்ளையும் அடங்குகிறது. வெயிலில் ஒரே படத்துக்குள் அடங்காத வித்தியாசம், பனியில் ஒரு ரோ ஃபைலுக்குள் தாராளமாக அடங்கிவிடும். பனி கெட்டியானால் எல்லாம் போச்சு, அது வேறு விஷயம். விலகுகிற அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அட்டைக் கடியையும் சகித்துக்கொண்டு நிற்கிறது.

பனியில் எடுத்த படத்துக்கு, படம் திருத்துகிற மென்பொருளான லைட்ரூமில் ஷடோஸை (நிழல் பகுதிகளின் வெளிச்சத்தை) தூக்கவே தேவையில்லை. பலர் பழக்கத்தில் அதை வலது பக்கம் இழுத்துவிடுகிறார்கள். படம் சோகை பிடித்ததாகிவிடும். நான் செய்வது நேர்மாறு. பிளெக்ஸை (ஆகக் கறுத்த பகுதிகளை) சற்றுக் கீழே இறக்கி, பாறையின் ஆழமான வெடிப்புகளை மூன்று, நான்கு வீத வெளிச்சத்தில் இருக்க விடுகிறேன். தண்ணீரில் ஆக வெளிச்சமான இடம் 95 வீதத்தைத் தாண்டாமல், மிச்சமெல்லாம் எழுபது எண்பதுக்குள். ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை) அளவுக்கு மீறிக் குறைத்தால் தண்ணீர் நரைத்து அழுக்காகத் தெரியும். எங்கேயோ கறுப்பு இருந்தால்தான் வெள்ளை வெள்ளையாக எடுபடுகிறது.

சென்கிளயர் நீர்வீழ்ச்சியில் இது போதவில்லை. அகலமான வீழ்ச்சி, முன்னால் தேயிலைச் செடிகள். மழைக்குப் பிறகு இலை ஒவ்வொன்றும் வானத்தைப் பிரதிபலித்து மினுங்குவதால் மூன்றாவதாக ஒரு வெளிச்சம் சேர்ந்துவிடுகிறது. அதற்கு, பிரதிபலிப்பை அடக்குகிற ஃபில்டரான போலரைசர்தான் மருந்து. ஒன்றரை, இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தை அது விழுங்கினாலும் நட்டமில்லை, நமக்கு நீண்ட ஷட்டர்தானே வேண்டும். முழுவதும் திருப்பினால் ஈரப் பாறை மொத்தையாகக் கறுத்துவிடும், முக்கால்வாசியில் நிறுத்துகிறேன். சாரலில் வானவில் விழுந்திருந்தால் போலரைசர் அதைத் துடைத்துப்போட்டுவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மேல் கொத்மலை மின்திட்டத்துக்குத் தண்ணீர் திரும்பிய பிறகு சென்கிளயரில் பழைய வேகம் இல்லை, ஆனால் நல்ல மழை பெய்தால் விழுகிற தண்ணீர் சாயத்தண்ணி நிறத்தில் வரும். அன்றைக்கு வெள்ளை எரியும் என்ற பயமே இல்லை! படம் அழகாக இருக்குமா என்பது வேறு கேள்வி.

பாதி கறுத்தும் பாதி தெளிவாகவும் இருக்கிற கிரஜுவேட்டட் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் எல்லை நேர்கோடு, நம் மலைகளில் நேர்கோட்டுக்கு எங்கே போவது? மேலே இருக்கிற மரமும் சேர்ந்து கறுத்ததுதான் மிச்சம்.

வெயிலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு படம்: ஒன்று தண்ணீருக்கு, மற்றது இரண்டு ஸ்டொப் கூட்டிக் காட்டுக்கு. இரண்டையும் தானாகவே ஒன்றாக்குகிற மென்பொருளின் எச்டிஆரில் விட்டால் படத்துக்குப் படம் தண்ணீர் மாறியிருப்பதால் ஓரங்களில் பேய் உருவங்கள் வரும். மாஸ்க் போட்டு (எந்தப் பகுதி எந்தப் படத்திலிருந்து என்று மறைத்துப் பிரித்து), தண்ணீரை ஒரே படத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்வேன். காட்டுப் படத்தை அப்படியே வைக்காமல் ஐம்பது, அறுபது வீதம் மட்டும் கலந்தால் இயல்பாக இருக்கிறது. காற்றில் ஆடுகிற மூங்கில் மட்டும் இன்னும் சரிவரவில்லை.

அடுத்தது பதுளையில் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. ஊவாப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் நல்ல மழை, அதுவரை பொறுக்க வேண்டும். அங்கே சாரலே பனிபோலக் கிளம்புவதால் நிழல் தானாகத் திறக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் அதே சாரல் ஃபில்டரில் படிந்தால் படம் முழுக்க வெளிறிப்போகும். முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் ட்ரைபொட்டை அசைக்காமல் துடைக்க முடியுமா என்று முதலில் றம்பொடையில் பழகிப் பார்க்க வேண்டும்.