கோப்பைப் பிரித்தால் மாட்யூல் ஆகிவிடாது

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளுக்கான ஓர் அறிவுத்தளத்தை, வகைகளையும் விதிகளையும் தர்க்கமாக எழுதும் ஓ.டபிள்யூ.எல். 2 (OWL 2) மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தோலுக்கு ஒரு கோப்பு, ரசாயனத்துக்கு ஒன்று, கழிவுநீருக்கு ஒன்று. இப்படிப் பிரித்ததும் மாட்யூல், அதாவது தனியே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பகுதி, கிடைத்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். தர்க்கத்துக்குக் கோப்பு எல்லை தெரியாது. ஒரு கோப்பை இன்னொன்றில் இம்போர்ட் செய்ததும் எல்லா விதிகளும் ஒரே குவியல்தான்.

தோல் கோப்பில் 'தாவரப் பதத் தோலும் குரோம் தோலும் ஒன்றாகாது' என்று விதி; அதாவது, ஒரே தோல் இரண்டு வகையிலும் இருக்க முடியாது. பார்க்கச் சரிதான்: ஒன்று ஆவாரம் பட்டை, கடுக்காய்; மற்றது குரோமியம் உப்பு. ஆனால் தாவரப் பதம் கண்ட தோலுக்கு மறுபடி குரோம் ஏற்றினால் செமி-குரோம். அதை இரண்டின் உள்வகையாகவும் எழுதினால், விதிகளிலிருந்து முடிவுகளைக் கணக்கிடும் ரீசனரை ஓட்டியதும், ப்ரோட்டேஜே என்ற எடிட்டரில் அந்த வகை சிவப்பாகிவிடும். அதாவது, அதில் எதுவுமே இருக்க முடியாது. அதோடு நிற்காது. உண்மையான ஒரு செமி-குரோம் தோலைத் தரவாகச் சேர்த்த கணமே தளம் முழுதும் முரண். முரணிலிருந்து எதையும் நிறுவலாம். தீர்வு: தோலை வகை பிரிக்காமல் வேலைப் படிகளை வகை பிரியுங்கள். படிகள் ஒன்றாகாது, ஒரு தோலுக்கு இரண்டு படிகளும் இருக்கலாம்.

இன்னொரு பொறி டொமைன், அதாவது ஓர் உறவு எந்த வகைப் பொருளுக்கு உரியது என்ற அறிவிப்பு. 'பதப்படுத்தும் முறை' என்ற உறவின் டொமைன் தோல் என்று எழுதினால், அது தவறான தரவைத் தடுக்காது, அந்த உறவு உள்ள எதையும் தோல் என்று முடிவு செய்யும். உணவுக் கோப்பு அதே உறவை மாம்பழக்கூழுக்குப் பயன்படுத்தினால் கூழும் தோலாகிவிடும். தோலும் உணவும் வேறு என்ற விதியும் இருந்தால் கூழ் காலி வகை.

ஒரு கோப்பு உண்மையிலேயே மாட்யூலா என்பதற்கு ஒரு சோதனை உண்டு: இம்போர்ட்டுக்குப் பிறகு பழைய சொற்களைப் பற்றிப் புது முடிவு எதுவும் வரக்கூடாது. கன்சர்வேடிவ் எக்ஸ்டென்ஷன் என்பது இதுதான். கூழ்ப் பிழையை இது பிடிக்கும். செமி-குரோமைப் பிடிக்காது, ஏனென்றால் அது புதுச் சொல். ரீசனரையும் தனியே ஓட்டியாக வேண்டும். இந்தச் சோதனையைப் பொதுவாகச் செய்வதும் எளிதல்ல. ஏ.எல்.சி. (ALC) என்ற அடிப்படைத் தர்க்கத்திலேயே இரட்டை அடுக்குக்குறி நேரம், அதாவது அடுக்கின் மேல் அடுக்காக வளரும் நேரம்; அதை விரிவாக்கிய ஏ.எல்.சி.கியூ.ஐ.ஓ.வில் (ALCQIO) எந்த நிரலாலும் தீர்மானிக்கவே முடியாது.

அதனால் நடைமுறையில் லோக்காலிட்டி: வேண்டிய சொற்களுக்குத் தேவையான விதிகளை மட்டும் எடுக்க உதவும் எளிய சோதனை. 'குரோம் தோல்' மட்டும் வேண்டும் என்றால், மற்றச் சொற்களையெல்லாம் காலி என்று வையுங்கள். 'ஷூ மேல்தோல் எல்லாம் குரோம் தோல்' தானாகவே உண்மையாகும், விடலாம். 'குரோம் தோல் ஒவ்வொன்றும் குரோமியம் உப்பு ஏற்றது' உண்மையாகாது, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சொற்களையும் பட்டியலில் சேர்த்து, புதிதாக எதுவும் வராதவரை திரும்ப ஓட்டுங்கள். தேவைக்கு மேல் சில விதிகள் வரலாம், ஆனால் தேவையான முடிவு எதுவும் விடுபடாது.

ரோபாட் (ROBOT) என்ற மென்பொருள் கருவியின் எக்ஸ்ட்ராக்ட் கட்டளை இதைச் செய்கிறது. அதில் மேல்வகைகள் முழுதும் வேண்டுமானால் பாட் (BOT) முறை, சிறிதாக வேண்டுமானால் ஸ்டார் (STAR) முறை. மிரியாட் (MIREOT) முறை இன்னும் சுருக்கமாகத் தரும். ஆனால் அதற்குத் தர்க்க உத்தரவாதம் கிடையாது. ரீசனர் ஓட்டப்போகும் தளத்துக்கு அதை எடுக்காதீர்கள்.