மலைநாட்டிலிருந்து பழைய சாமான் விற்பது: இதுவரை செய்து பார்த்தது

அலுமாரி மேலேயும் கட்டிலுக்கடியிலும் கிடக்கும் சாமானை இணையத்தில் விற்க நினைத்தவுடன் எல்லோரும் கேட்பது, "இது எத்தனை வருஷப் பழசு?" என்றுதான். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இருந்து விற்பவர் முதலில் பார்க்க வேண்டியது எடையை. நீளுறையில் அடங்குவது ஈபேக்குப் போகலாம். ஏழெட்டுக் கிலோ வரை உள்ளதை இக்மன் விளம்பரத் தளத்தில் போட்டுக் கொரியரில் அனுப்பலாம். அதற்கு மேற்பட்டதை வாங்குகிறவர் வந்து தூக்கிப்போக வேண்டும். ஆகவே அதைப் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் நம்முடைய டவுன் பெயரிலேயே போடுவது நல்லது. கொழும்பு என்று இடம் போட்டால் விசாரிப்பு நிறைய வரும், லொறிக்கூலி கேட்டதும் அத்தனையும் மறைந்துவிடும்.

விலை பார்க்கும்போது, விளம்பரத்தில் மற்றவர் கேட்கும் விலையை நம்பக்கூடாது. ஒரே விளக்கு மாதக்கணக்கில் அதே விலையில் கிடப்பதைக் காணலாம். ஈபேயில் தேடிவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டினால் உண்மை விலை தெரியும்.

சிங்கர் கால் மெஷின்: விற்றுப் போய்விட்டது

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். காலால் மிதித்துத் தைக்கும் அதன் மெஷின் இல்லாத ஊர் இல்லை. அதனால் "அன்டிக்" என்று எழுதி லட்சம் கேட்பது வீண். வாங்குகிறவர்கள் இரண்டு வகை: தைக்க வாங்கும் தையல்காரர், இரும்புக் காலை மேசையாக்க வாங்கும் ஹோட்டல்காரர். முதலாமவருக்கு மேலே உள்ள தைக்கும் தலை ஓட வேண்டும், இரண்டாமவருக்குக் கால் உடையாமல் இருந்தால் போதும். விளம்பரத்தில் இரண்டையும் தனித்தனியாகப் படம் எடுத்துப் போட்டதும் விசாரிப்பு மாறியது.

எடுக்க வேண்டிய படங்கள்: அடிப்பலகையில் வலது பக்கம் தூணடியில் உள்ள வரிசை எண், பொபின் கேஸ், பெல்ட், கால் சட்டத்தின் மூலைகள், தைத்த துணியின் இரண்டு பக்கமும். எண் ஆங்கில E எழுத்தில் தொடங்கும் இரண்டு எழுத்தோடு இருந்தால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலை. நீளமான படகு ஷட்டில் போட்ட மெஷின் என்றால் ஷட்டிலும் பொபினும் இருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. அவை இல்லாவிட்டால் விலை விழும்.

தங்கப் பூ வேலையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மேலே உள்ள ஷெலாக் மெருகு கரைந்து, பூவும் சேர்ந்து போய்விடும். மெஷின் எண்ணெயும் பழைய பனியன் துணியும் போதும். ஏற்றுவதற்கு முன் ஊசியைக் கழற்றி, பிரஷர் ஃபுட்டின் கீழே துணி மடித்து வைத்து இறக்கிவிட வேண்டும். தலையைப் பலகையோடு பிடித்திருக்கும் இரண்டு கீல்களின் திருகுகளை அடியிலிருந்து தளர்த்தினால் தலை தனியாக வரும். தலையோடு சேர்த்து லொறியில் ஏற்றினால் கீல் முறியும், அல்லது நூல்கட்டை வைக்கும் கம்பி முதலில் போகும்.

தலைப்பில் "தையல் மெஷின்" என்று மட்டும் எழுதாமல் "மஹன மெஷின்" என்றும் சேர்ப்பது நல்லது. இக்மன் மூன்று மொழியிலும் இருந்தாலும் விளம்பர வாசகத்தை அது மொழிபெயர்த்துத் தருவதில்லை. வாங்குகிறவர்களில் பெரும்பகுதி சிங்களத்தில் தேடுகிறார்கள். சிங்கள எழுத்திலும் போட்டால் இன்னும் நல்லது.

பித்தளைக் குத்துவிளக்கு: போய்விட்டது

பழைய இரும்புக் கடையில் அன்றைக்குப் பித்தளை கிலோ என்ன போகிறது என்று கேட்டுக்கொண்டால் அடிவிலை கிடைத்துவிடும். அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை.

கன அளவு எடை பார்க்கும் கொரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரிப்பார்கள். 40 × 40 × 60 பெட்டி என்றால் 96,000 ÷ 5000 = 19.2 கிலோ. உள்ளே இருக்கும் விளக்கு ஏழு கிலோவாக இருந்தாலும் பத்தொன்பதுக்குத்தான் காசு. விளக்கின் பாகங்களை மரையில் திருகிக் கழற்றி 40 × 30 × 20 பெட்டியில் அடக்கினால் 4.8 கிலோ கணக்கு வரும், அப்போது உண்மை எடையான ஏழு கிலோவுக்குக் கட்டினால் போதும். மரை இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு வைக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் பித்தளை நெளியும்.

நாணயம், முத்திரை: பாதி போயிருக்கிறது

எடை குறைவு, அனுப்பும் செலவு குறைவு, ஆனால் வேலை அதிகம். 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் 28.28 கிராம், 0.925 வெள்ளி. அதே ஆண்டின் ஒரு ரூபாய் செப்பு நிக்கல். இரண்டையும் "ஜயந்திக் காசு" என்று ஒன்றாகப் போட்டால் விஷயம் தெரிந்தவர் பேசவே வரமாட்டார். ஐம்பது சதத்தில் 1942 வெள்ளி கலந்தது (0.550), 1943 மஞ்சள் நிற நிக்கல் பித்தளை. பத்து மில்லிகிராம் வரை காட்டும் சிறிய தராசும் ஒரு காந்தமும் வாங்கி வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

புளி, பிராசோ பாலிஷ் எதுவும் காசில் படக்கூடாது. பளபளத்த காசு சேகரிப்பாளர் கண்ணுக்குக் கெட்ட காசு. மலைநாட்டு ஈரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிவிசி அல்பத்தில் வைத்த செப்புக் காசில் பச்சைப் பிசின் படியும். பிளாஸ்டிக் மெதுவாகச் சிதைந்து விடும் அமிலம்தான் காரணம். காகித உறைக்கு மாற்றிவிடலாம்.

முத்திரை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்கக்கூடாது. தபாலில் பாவித்த முத்திரையை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் தானே பிரியும். பசையோடு உள்ள புதியதை அப்படிச் செய்தால் பசை போய், விலையும் போய்விடும். பழைய கடித உறையிலிருந்து முத்திரையை வெட்டுவதுதான் பெரிய நட்டம். 1972 மே 22க்கு முந்திய "சிலோன்" முத்திரை பல வகைகள் மலிவாகவே கிடைக்கும். ஆனால் சிறிய தோட்டத் தபாலகத்தின் பெயர் தெளிவாக விழுந்த முழு உறைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஈபேயில் விற்ற காசு பேபாலுக்கு வராது. இலங்கைக் கணக்கால் பேபாலில் பணம் அனுப்பத்தான் முடியும், வாங்க முடியாது. வெளிநாட்டுப் பணத்தை வாங்கும் பயோனியர் கணக்கு திறந்து ஈபேயோடு இணைத்துவிட்டுத்தான் முதல் பொருளைப் போட வேண்டும். அனுப்பும்போது காசு, நோட்டு, வெள்ளி எதையும் சாதாரணக் கடிதத்தில் போடக்கூடாது. எந்த வகையில் ஏற்பார்கள், வாங்கும் நாடு ஏற்குமா என்பதைத் தபாலகத்தில் கேட்டுவிட்டே விளம்பரம் போட வேண்டும்.

போடவே கூடாதவை

1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசுகூட இதில் அடங்கும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய பங்களாச் சாமானோடு வரும் சிறுத்தைத் தோல், தந்தம் ஆகியவற்றைப் படம் எடுத்துப் போடுவதே வம்பு.

பழைய கெமரா, வால்வு ரேடியோ: நிற்கிறது

கெமராவைக் கெடுப்பது லென்ஸில் படியும் பூஞ்சை. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து பின்னாலிருந்து போன் டோர்ச் அடித்தால், சிலந்தி நூல் மாதிரி தெரியும். தெரிந்தால் அதையே படமெடுத்துப் போட வேண்டும். மறைத்து அனுப்பினால் பார்சல் திரும்பி வரும், இரண்டு பக்கக் கூலியும் நம் தலையில். மழைக்காலம் முழுக்க மூடும் டப்பாவில் ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்கலாம். நீல நிறம் இளஞ்சிவப்பானதும் மணிகளைப் பையிலிருந்து கொட்டி 120 பாகையில் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். சமைக்கும் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம்.

வால்வு ரேடியோவை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று நேரே 230 வோல்ட்டில் போடக்கூடாது. கெட்ட கப்பாசிட்டர் டிரான்ஸ்போமரையும் கொண்டு போகும். "சோதிக்கவில்லை" என்று எழுதிவிடுவதே மேல். வால்வுகளுக்கு இலக்கமிட்டுத் தனியே சுற்ற வேண்டும். இதைக் கொரியரில் அனுப்பும் எண்ணத்தை விட்டாயிற்று. விழுந்தால் டிரான்ஸ்போமரின் எடையே சட்டத்தை வளைத்துவிடும்.

பெட்டியும் விலாசமும்

மூடுபனி நாளில் காட்போட் ஈரம் இழுத்திருக்கும், டேப் ஒட்டியது மாதிரி இருந்து அடுத்த நாள் உரியும். பெட்டியை அடுப்படியில் காயவைத்து, நடுவில் ஒன்று, ஓரங்களில் இரண்டு என்று பிரவுன் டேப் ஒட்டினால் நிற்கும். உள்ளே எல்லாப் பக்கமும் மூன்று விரல் அகலம் ரிஜிபோம் அல்லது கசக்கிய பேப்பர் வேண்டும். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது.

அனுப்புநர் விலாசத்தில் தோட்டப் பெயரும் டிவிஷனும் மட்டும் இருந்தால், திரும்பி வரும் பார்சல் லயத்துக்கு வராமல் எங்கேயாவது தங்கிவிடும். டவுனில் தெரிந்த கடையின் விலாசத்தைக் கேட்டு வாங்கி, போன் நம்பரைப் பெட்டியின் இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

வங்கிச் சிலிப்பின் படம் வந்ததும் பார்சலைக் கொடுப்பவர்கள் ஏமாறுவார்கள். சிலிப்பைத் திருத்துவது சுலபம். கணக்கில் காசு விழுந்ததை நாமே பார்த்த பிறகுதான் பெட்டி நகர வேண்டும். "காசு போட ஓடிபி வேண்டும்" என்று கேட்பவரை அங்கேயே பிளாக் பண்ணலாம், காசு வாங்குவதற்கு ஓடிபி தேவையே இல்லை. பொருள் கொடுத்துக் காசு வாங்கும் முறையில் அனுப்பினால், வேண்டாமென்று திருப்புகிறவருக்காகக் கொரியர் கூலியையாவது முன்பணமாக வாங்கிக்கொள்வது நல்லது. மறுப்பவர்கள் பெரும்பாலும் வாங்க வந்தவர்கள் அல்ல.