யூடைஸ் பதிவு: பக்கத்து ஊர் சாரிடம் நான் கற்றுக்கொண்டது

ஊராட்சி ஒன்றிய ஈராசிரியர் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். யூடைஸ் என்பது நாடு முழுக்கப் பள்ளி விவரங்களைச் சேர்க்கும் அரசின் இணையப் பதிவு. முன்பெல்லாம் அதற்கு வகுப்புவாரியாக எண்ணிக்கை கொடுத்தால் போதும். 2022-23 முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். பொது விவரம் (ஜிபி), சேர்க்கை விவரம் (இபி), பெறும் வசதிகள் (எஃப்பி) என்று ஒரு பிள்ளைக்கு மூன்று பகுதி. வட்டார வள மையத்தில் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே திரையில் பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. பள்ளிக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் கை நின்றுவிடும்.

போன வருடம் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். வேறு மாவட்டத்திலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பம். டிசி இல்லை. அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, சேர்த்துக்கொண்டேன். யூடைஸில் புதுப் பிள்ளையாக ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

குறுவள மையக் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்து ஊர்த் தலைமை ஆசிரியரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். பதறிவிட்டார். "புதுசா போட்டுடாதீங்க டீச்சர். அவனுக்கு ஏற்கெனவே பென் நம்பர், அதான் அந்த நிரந்தரக் கல்வி எண், இருக்கும். நீங்க இன்னொண்ணு போட்டா அங்க ஒருத்தன் படிப்பை நிறுத்தினதா ஆகிடும், இங்க ஒருத்தன் புதுசா வந்ததா ஆகிடும்."

சனிக்கிழமை என் பள்ளிக்கே வந்தார். பையனின் அம்மா கொடுத்த ஆதார் எண்ணையும் பிறந்த வருடத்தையும் போட்டதும் பென் நம்பர் வந்துவிட்டது. ஆனால் பழைய பள்ளியில் அவன் இன்னும் படிப்பதாகவே இருந்தது. அவர்கள் விடுவித்து, பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் பெயர் இருக்கும் டிராப்பாக்ஸ் பட்டியலுக்கு அவன் வந்தால்தான் நான் எடுக்க முடியும். அந்தப் பள்ளிக்குப் போன் போட்டோம். அங்கே பேசிய ஆசிரியருக்கும் எங்கே போய் விடுவிப்பது என்று தெரியவில்லை. போனை ஸ்பீக்கரில் வைத்து, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சார் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாலைக்குள் பையனின் பெயர் என் பள்ளிப் பட்டியலில் வந்துவிட்டது. அவன் படித்த ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவனோடே வந்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

அன்றைக்கே இன்னொரு வேலையும் செய்தோம். சாருடைய பள்ளி யூடைஸ் படிவத்தை நான் வாங்கிக்கொண்டேன், என்னுடையதை அவர் வாங்கிக்கொண்டார். சேர்க்கைப் பதிவேட்டை மடியில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டோம். அவர் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆண் என்று பதிவாகியிருந்தாள். என் படிவத்தில் இரண்டு கழிப்பறையும் பயன்பாட்டில் என்று போட்டிருந்தேன். அவர் எழுந்து போய்ப் பெண் பிள்ளைகள் பக்கத்துக் குழாயைத் திருகிப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தொட்டிக் குழாய் உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எனக்கும் தெரிந்த விஷயம்தான். போன வருடத்து விடையை அப்படியே விட்டிருந்தேன். நல்லா இருக்கிறது என்று நானே எழுதிக் கொடுத்தால் சரிசெய்ய யார் வருவார்கள்? அங்கேயே திருத்தினேன்.

இந்த வருடம் மூன்றாவதாக இன்னொரு பள்ளி டீச்சரும் சேர்ந்திருக்கிறார். பணிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, யூடைஸ் என்றாலே பயப்படுகிறார். வரும் சனிக்கிழமை அவர் பள்ளியில் உட்காருகிறோம். என் பதிவேட்டைத் துணிப்பையில் எடுத்து வைத்துவிட்டேன்.