அரை யார்டு

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. நண்பனின் அணி பத்துப் புள்ளி முன்னால் நிற்கிறது. நியூஜெர்சியில் அவன் வீட்டு ஹாலில் எல்லோரும் டிவியைப் பார்க்க, அவன் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அணியின் ஆட்டத்தை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக், பந்தோடு மொத்தம் 24.5 யார்டுக்கு மேல் ஓடுவார் என்று பணம் கட்டியிருந்தான். போன் 26 காட்டியது.

அரை யார்டு எதற்கு என்று கேட்டேன்.

"சமன்னு முடியக் கூடாதுல்ல, அதுக்குத்தான்டா."

அப்புறம் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி, நேரம் கரையட்டும் என்று ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார். மறுபடியும் ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு யார்டு பின்னால். அது அவர் ஓடிய கணக்கில்தான் கழியும்.

26. 25. 24.

அணி ஜெயித்தது. இவன் தலையில் கை வைத்தான்.

2020-ல் இந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலிலும் இதேதான். குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 44 யார்டு ஓடியிருந்தார். கடைசியில் மூன்று முறை இன்னும் பின்வாங்கி முழங்கால் ஊன்றியதில் 15 யார்டு கழிந்து 29 ஆனது. கோப்பை அவருக்கு. 30 தாண்டும் என்று கட்டியவர்களின் பணம் போனது.

பொதுவாக 100 டாலர் ஜெயிக்க 110 கட்ட வேண்டும். நூற்றுக்கு 53 முறையாவது சரியாகச் சொன்னால்தான் கைமுதல் தேறும். சரி, பணத்தை விடுங்கள்.

ஆட்டத்தைச் சரியாக முடித்துக் கொடுத்தவருக்குத் திட்டு விழுகிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்லூரிப் பையன்களுக்கே மிரட்டல் மெசேஜ் போகிறது. கல்லூரி வீரர்கள் மீதான இந்த மாதிரிப் பந்தயத்தை ஒஹாயோ மாநிலம் 2024-ல் தடை செய்தது.

நண்பன் அந்த வீரரின் பக்கத்தைத் திறந்து ஏதோ டைப் செய்ய ஆரம்பித்தான்.

போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.