வண்டி வீடும் தர்மபுரித் தண்ணீரும்

18 ஜனவரி 2025, தொப்பூர்

பொங்கல் முடிந்த கையோடு நாமக்கல்லில் இருந்து கிளம்பிவிட்டோம். இவர் முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். இந்தத் தேசிய நெடுஞ்சாலை ஏழாம் நம்பர் ரோடாக இருந்தபோதிலிருந்து இவருக்குப் பழக்கம். இப்போது அதற்கு 44 என்று பெயர். அத்தனை வருஷமும் நான் வீட்டு வாசலில் நின்று வழியனுப்பினேன். இப்போது பொலீரோவின் பின்னால் பன்னிரண்டடி டிரெய்லரை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் சொல்லிக் கட்டிய வீடு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி.

சேலம் தாண்டி எழுபதில் போகும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. இடமும் வலமுமாக, பொலீரோவையே இழுத்து ஆட்டியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. இவர் பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. ஆக்ஸிலரேட்டரை மட்டும் விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது.

அடுத்து வந்த எடை மேடையில் ஏற்றிப் பார்த்தோம். டிரெய்லர் மொத்தம் 980 கிலோ. கொக்கி மேல் உட்காரும் மூக்கு எடை வெறும் 60. மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும். குறைந்தால் பின்பாரம் கூடி இப்படித்தான் ஆடும். எங்கள் தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டிலேயே தொட்டி நிறையப் பிடித்துக்கொண்டு வந்தது நான்தான். முக்கால் தொட்டியை அங்கேயே வேப்ப மரத்துக்கு ஊற்றினோம். அரிசி மூட்டையையும் டூல்ஸ் பெட்டியையும் முன்னால் தள்ளினோம். மறுபடி ஏற்றினால் 905 கிலோ, மூக்கு 115. அதற்கப்புறம் ஆட்டமே இல்லை.

தொட்டி கட்டும்போதே அச்சுக்கு நேர் மேலே வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அது தெரியவில்லை. ஓடும்போது கால் தொட்டி, போய்ச் சேர்ந்த இடத்தில் முழுத் தொட்டி என்று வைத்துக்கொண்டோம். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது ரோட்டில் இறங்கினால்தான் உறைக்கிறது.

21 ஜனவரி, பென்னாகரம் பக்கம்

சின்னம்மா மகள் வீட்டுக் களத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறோம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட்ட பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். இவர் இதைப் பூஜை மாதிரி செய்வார், ஒரு நாள்கூட மாற்றினதில்லை.

போர் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கப் போனேன். "அக்கா, குடிக்கறதுக்கு அதைப் பிடிக்காதீங்க, ஒகேனக்கல் தண்ணி காலைல வரும்" என்று தங்கச்சி ஓடி வந்தாள். இந்த ஊர்ப் பக்கம் குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்கு அதுதான் பெயர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறந்தது. ஜப்பான் கடனுதவியில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துக் கொண்டுவந்த திட்டம். காரணம் ஃபுளோரைடு. இந்த மண்ணுக்கடியில் இருக்கும் பாறையிலிருந்தே அது தண்ணீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது.

ரோட்டில் வாழ்கிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வாசனை இருக்காது, வித்தியாசமாகவும் ருசிக்காது. "காய்ச்சிக் குடிச்சாப் போதும்" என்று நாம் எல்லா ஊரிலும் சொல்லிப் பழகிவிட்டோம். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் அதைப் பிடிக்காது. ஆர்.ஓ. பிடிக்கும். ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு அது இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். நூறு லிட்டர் தொட்டியை வைத்துக்கொண்டு அது கட்டுப்படியாகாது. ஊருக்குள் காசு போட்டால் ஊற்றுகிற ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அங்கே பிடிப்பது மேல்.

இரண்டு நாள் தங்கிப் போகிறவர்கள் பயப்பட வேண்டாம். மாசக் கணக்கில் இருக்கிறவர்கள் பார்த்துத்தான் குடிக்க வேண்டும்.

22 ஜனவரி

தங்கச்சி மகளுக்குப் பதினோரு வயது. நேற்று ராத்திரி இவர் லாரிக் கதை சொல்லச் சொல்ல விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கும்போதெல்லாம் உள்ளங்கை வாயை மூடப் போய்விடுகிறது. காலையில் பல் விளக்கும்போது பார்த்தேன். முன்பல் இரண்டிலும் குறுக்கே பழுப்புப் பட்டை, ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு. ஃபுளோரைடு போட்ட கறை.

"பைப் தண்ணிதானே குடிக்கறீங்க?" என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

"குடிக்கறது அதுதான்க்கா. சோத்துக்கும் களிக்கும் போர் தண்ணி."

எனக்கு அடி வயிறு கலங்கியது. சோறு எவ்வளவு தண்ணீர் இழுக்கிறது! களி கிண்டும்போது ஊற்றுகிற தண்ணீர் முழுக்க களிக்குள்தான் நிற்கிறது. டம்ளரில் தடுத்ததைத் தட்டில் போட்டுக் கொடுக்கிறோம். சின்னவனுக்கு நாலு வயது. அவனுடைய நிலைத்த பற்கள் ஈறுக்குள் இப்போதுதான் உருவாகின்றன. எட்டு வயது வரை போகிற தண்ணீர்தான் அந்தப் பல்லின் நிறம். பெரியவளுக்கு வந்த கறை இனி தானாகப் போகாது, சின்னவனைக் காப்பாற்றலாம். இதைத் தங்கச்சியிடம் மூன்று தரம் சொன்னேன். "பைப் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வருதுக்கா, எதுல பிடிச்சு வைக்கறது?" என்றாள். நியாயமான கேள்வி. எங்களிடம் இருபது லிட்டர் கேன் நான்கு இருந்தது. இரண்டை இங்கேயே விட்டுவிட்டோம்.

எங்கள் கணக்கையும் இன்று எழுதி வைத்தேன். குடிக்க, சமைக்க ஒரு நாளைக்குப் பத்து லிட்டர், அது கேனில் இருந்து மட்டும். குளிக்க, துவைக்க, கழுவ இருபத்தைந்து லிட்டர், அது தொட்டியில் இருந்து. தொட்டிக் குழாயில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன், தூக்கக் கலக்கத்தில் அதில் டம்ளர் பிடிக்காமல் இருக்க. களிப் பாத்திரம்தான் தண்ணீரைத் தின்னும். கிண்டி எடுத்ததும் அரைச் சொம்பு ஊற்றி மூடி வைத்தால் காலையில் ஒட்டினது தகடாக உரிந்து வரும். அது மாட்டுக்குப் போகும், பாத்திரத்துக்கு இன்னொரு சொம்பு போதும்.

27 ஜனவரி, பாப்பாரப்பட்டி

சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குப் போனோம். 1925 ஜூலை 23-ல் இந்த ஊரில்தான் காலமானார். வரும் ஜூலையோடு நூறு வருஷம். தொழுநோய் என்று ரயிலில் ஏறக்கூட விடவில்லை, கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார்.

2 பிப்ரவரி, காவேரிப்பட்டினம்

மாந்தோப்பு. தோப்புக்காரர் இவருடன் லோடு அடித்த பழைய சிநேகிதர். மரமெல்லாம் பூ, தேனீச் சத்தம், வாசனை. வந்தவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை: "புதன்கிழமை பூவுக்கு மருந்து அடிக்கிறேன், அன்னைக்கு வண்டியை ரோட்டோரம் எடுத்துருங்க." தை, மாசியில் மாந்தோப்பில் தங்குகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டுதான் தங்க வேண்டும். தொட்டி மூடியில் ரப்பர் வாஷர் இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டோம்.

நிழல் சுகம்தான், ஆனால் கூரை மேல் இருக்கும் 200 வாட் சோலார் தகடு பட்டினி கிடக்கிறது. ஒரு கிளையின் நிழல் குறுக்கே விழுந்தால் அந்த அளவுக்கு மட்டும் குறையும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உள்ளே செல்கள் வரிசையாகக் கோத்திருக்கிறார்கள், ஒன்று மறைந்தால் அந்த வரிசையே படுத்துவிடும். வண்டியை எட்டடி நகர்த்தினதும் ஃபிரிட்ஜ் ஓடியது.

விடியற்காலை நல்ல குளிர். ஜன்னலை இறுக மூடிப் படுத்தால் மூச்சுக் காற்றே கூரைத் தகட்டில் வேர்த்து மெத்தையில் சொட்டுகிறது. இரண்டு பக்கமும் இரண்டு விரல்கடை திறந்து, போர்வையைக் கூட ஒன்று போர்த்திக்கொள்வதுதான் வழி. அடுப்பெரித்துக் குளிர் காய்வது மட்டும் கூடவே கூடாது. மூடின அறையில் அது ஆளையே கொன்றுவிடும். ஐந்து கிலோ சிலிண்டர் எங்களுக்கு வெளிப் பெட்டியில் இருக்கிறது. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் தரையோடு ஒட்டி ஓட்டை போட்டிருக்கிறோம். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்கும்.

கழிப்பறை எப்படி என்று எல்லோரும் கூச்சத்தோடு கேட்கிறார்கள், சொல்லிவிடுகிறேன். உட்காரும் பெட்டிக்குள் பக்கெட். சிறுநீர் தனிக் கேனுக்குப் போகிற மாதிரி புனல். ஒவ்வொரு தரமும் இரண்டு கை தென்னை நார்க் கழிவைத் தூவினால் வாடையே வராது. நிறைந்தால் தண்ணீர் ஓடுகிற இடத்துக்கும் கிணற்றுக்கும் தள்ளி, தோப்புக்காரர் காட்டிய இடத்தில் குழி வெட்டி மூடுகிறோம். கேட்காமல் எங்கேயும் வெட்டினதில்லை.

8 பிப்ரவரி, தேன்கனிக்கோட்டை

ஒரு ராத்திரிதான். காட்டோரம் நிறுத்தலாம் என்றிருந்தோம். "யானை நடமாட்டம் இருக்குதுங்க, ஊருக்குள்ள நிறுத்துங்க" என்று டீக்கடையில் இருந்தவர் எழுந்து வந்து சொன்னார். ராகி வாசனைக்கு வரும். எங்களிடம் பத்துக் கிலோ ராகி மாவு இருந்தது. ஊருக்குள் போய்விட்டோம்.

16 பிப்ரவரி, தொப்பூர்

மலை இறக்கத்துக்கு முன்னால் ஓரம் கட்டினோம். கொக்கி, பாதுகாப்புச் சங்கிலி, லைட் எல்லாம் பார்த்தாயிற்று. தொட்டி கால் பாகம். ஏறும்போது போட்ட கியருக்கு ஒன்று குறைவாகவே இறங்கினார். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், இரட்டைப் பாலத்தில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். இவருக்குத் தெரிந்த முகங்களும் அதில் உண்டு. பாலம் தாண்டும் வரை இவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

கீழே வந்து நிறுத்தி, புறங்கையைச் சக்கர டிரம்மிடம் கொண்டுபோய்ப் பார்த்தார். வெதுவெதுப்புதான். கேனில் இருந்து ஒரு சொம்பு கொடுத்தேன். அப்போது தங்கச்சி போன் செய்தாள்.

"அக்கா, ஒரு வாரமா களிக்கும் பைப் தண்ணிதான் ஊத்தறேன். இன்னும் ரெண்டு கேன் எங்க கெடைக்கும்?"

சேலத்தில் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்று சொன்னேன்.