எந்தக் கரை?

தாலுகா ஆபீஸ் கண்ட்ரோல் ரூம் என்றதும் சுவர் நிறைய டி.வி. இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு போன், ஒரு பதிவேடு, காலடியில் கொசுவத்தி. ராத்திரி டியூட்டி போட்டால் முனகிக்கொண்டே ஒப்புக்கொள்ளும் ஓர் உதவியாளர். 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறி, டெல்டா முழுக்க மழை கொட்டிய வாரத்தில் அந்த உதவியாளர் நான்தான். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா. எதுவென்று சொல்லப்போவதில்லை, ஓய்வு பெற்ற பிறகும் அந்த வாசலில் எனக்கு வேலை இருக்கிறது.

ராத்திரி ஒன்றரை மணிக்கு போன் அடித்தது.

"ம்மா, நாவமரத்து வளைவுல கரை கசியுதும்மா. எலி வளை வழியாத் தண்ணி வருது. ரொம்ப நேரம் தாங்காது."

பதிவேட்டைப் பார்த்தேன். ஆற்றின் பெயர், தூரம், 'வ.க. / இ.க.' என்று கட்டம் போட்டிருந்தது. கட்டம் என்றிருந்தால் நிரப்பியே தீரவேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான்.

"எந்தக் கரை? வலதா, இடதா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். அப்புறம், "எடதுதாம்மா."

இடது கரை என்று எழுதினேன். ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் செக்‌ஷன் ஆபீசுக்கு உடனே சொன்னேன். அரைமணி நேரத்தில் மணல் மூட்டையும் சவுக்குக் கம்புமாக லாரி கிளம்பிவிட்டது. அரசாங்க வேலையில் அதைவிட வேகத்தை நான் பார்த்ததில்லை. லாரி இடது கரைக்குப் போய் நின்றது. கரை கல்லுப்போல இருந்தது. எதிர்க்கரையில் யாரோ பேட்டரி லைட்டை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் முழு ஆறு. பக்கத்தில் இருந்தது நடைபாலம். லாரி போகிற பாலத்துக்கு ஏழு கிலோமீட்டர் மேற்கே திரும்பிப் போக வேண்டும். அவர்கள் சுற்றி வந்து சேர்வதற்குள் உடைப்பு எடுத்துவிட்டது. சம்பா நடவு செய்த வயல்களில் மணல் ஏறியது.

விசாரணையில் எல்லாருடைய பதிலும் சரியாக இருந்தது. லாரி சொன்ன நேரத்துக்குப் போயிருக்கிறது. நான் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன். போன் செய்தவரும் பொய் சொல்லவில்லை. தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று மேற்கே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்படி நின்றால் அவர் இருந்த கரை இடது கைப்பக்கம்தான்.

அடுத்த வாரம் லஸ்கர் அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். மதகு தூக்கி இறக்கி முப்பது வருஷம் கழித்தவர். "தண்ணி போற பக்கம் மொகத்த வச்சுக்கிட்டு நிக்கணும்மா. அப்ப வலது கைப்பக்கம் இருக்கறது வலது கரை. எந்த ஆறா இருந்தாலும் அதான் கணக்கு. நீ ஏன் அவர்கிட்ட வலது இடது கேட்ட? சும்மா விட்டிருந்தா தெக்காலக் கரைன்னு அவரே சொல்லியிருப்பாரு."

அந்தக் கடைசி வாக்கியம் பத்து வருஷம் என்னோடு இருந்தது. ஊர்க்காரர் தம் பாஷையில் சரியாகச் சொல்ல இருந்ததை, என் கட்டத்தின் பாஷையில் கேட்டுக் கெடுத்தவள் நான்.

யோசித்துப் பார்த்தால் அந்த நாவமரத்து வளைவுக்கு எத்தனை விலாசம்! ஆற்றுத் துறைக்கு அது தலைப்பிலிருந்து இத்தனாவது கிலோமீட்டர். தலைப்பு என்றால் ஆறு பிரிகிற இடம்; நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மாதிரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைப்பு என்றால் எனக்குப் புடவைதான் ஞாபகம் வரும். வருவாய்த் துறைக்கு அதே இடம் ஒரு கிராம எண்ணும் சர்வே நம்பரும். மின்வாரியத்துக்கு ஒரு ஃபீடரும் (சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் லைன்) டிரான்ஸ்ஃபார்மரும். போலீசுக்கு ஸ்டேஷன் எல்லை, சரியாக ஆற்றின் நடுவில் ஓடும். 108-க்கு அடித்தால் சென்னையில் எடுத்து மாவட்டம், தாலுகா, ஊர், லேண்ட்மார்க் என்று வரிசையாகக் கேட்பார்கள். ஊர்க்காரருக்கு நாவமரத்து வளைவு. இத்தனைக்கும் அந்த நாவல் மரத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு முந்தியே விழுந்துவிட்டதாம்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பேரிடர் நேரத்தில் யார் தலைமை, யார் யாருக்குக் கீழே, பொருள் யார் பொறுப்பு, செய்தி யார் பொறுப்பு என்று படம் போட்ட முறை. அதற்கு எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. பாதி நேரம் கட்டங்களும் அம்புக்குறிகளும்தான். ஆனால் அதில் ஒரு கதை மனசில் தங்கிவிட்டது. இந்த முறைக்கு மூலம் அமெரிக்காவாம். 1970-ல் கலிபோர்னியாவில் 13 நாள் காட்டுத் தீ எரிந்து 16 பேர் செத்திருக்கிறார்கள். தீயணைக்க ஆளும் வண்டியும் பல துறைகளிலிருந்து வந்து குவிந்திருக்கின்றன. ஆனால் ஒரே பொருளை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பெயரில் சொல்லியிருக்கிறது, ஒருவர் ரேடியோ இன்னொருவருக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பேசி, எல்லாருக்கும் ஒரே சொல், சங்கேதம் வேண்டாம், நேரடியாகப் பேசு என்று விதி வைத்தார்களாம். அவ்வளவு பெரிய நாட்டுக்காரனுக்கும் நம் நாவமரத்து வளைவுதான் பிரச்சினை என்றதும் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

வகுப்பு முடிந்தது. சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். பதிவேட்டுக் கட்டம் அப்படியே இருந்தது.

2018 நவம்பர் 16, விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. புயலுக்கு முன்னால் ஜனங்களை முகாமுக்குக் கொண்டுபோன வேலை நன்றாகவே நடந்தது. அது பெரும்பாலும் எங்கள் ஒரு துறை செய்கிற வேலை, வி.ஏ.ஓ.வும் கிராம உதவியாளரும் வீடு வீடாகப் போய்ச் செய்தார்கள். தகராறு விடிந்த பிறகு. எல்லாத் துறையும் ஒரே ரோட்டில் இறங்க வேண்டிய நேரம்.

செல்போன் டவர் ஒன்றும் இல்லை. ஆபீஸ் போனும் செத்துவிட்டது. உயிரோடு இருந்தது போலீஸ் வயர்லெஸ் மைக் மட்டும். காலை ஒன்பதரைக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு தம்பி விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்து வந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். மைக்கில் வந்ததை எழுதி எடுத்து வந்திருக்கிறார்: "108 வண்டியில் பெரியவர், சுவர் விழுந்து கால் நசுங்கியுள்ளது. எல்.சி.க்காக நிற்கிறது."

எங்கள் ஊர்ப் பக்கம் எல்.சி. என்றால் ரயில்வே கேட். கடிதங்களில் 'எல்.சி. எண்' என்றே எழுதுவோம். நீடாமங்கலம் கேட்டில் நின்று வாழ்நாளில் பாதியைக் கழித்தவர்கள் நாங்கள். ஆம்புலன்ஸ் கேட்டில் நிற்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கிராம உதவியாளர் ஒருவரை டி.வி.எஸ். 50-ல் கேட்டுக்கு விரட்டினேன். பாதி தூரம் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார் பாவம். கேட் திறந்து கிடந்தது. ரயிலும் இல்லை, ஆம்புலன்சும் இல்லை.

மின்வாரியத்தில் எல்.சி. என்றால் லைன் கிளியர். ரோட்டில் ஒரு தூங்குமூஞ்சி மரம் மின்கம்பியோடு சேர்ந்து விழுந்திருக்கிறது. இந்தப் பக்கம் 108. அந்தப் பக்கம் தீயணைப்பு வண்டி, மரம் அறுக்கும் மிஷினோடு. அறுக்கக் கூடாது என்று நடுவில் ஒரே ஒரு ஒயர்மேன் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். சப்ஸ்டேஷனிலிருந்து ஃபீடரைப் பிரித்தாயிற்று என்று சொல் வர வேண்டும் அவருக்கு. சொல்ல வேண்டிய என்ஜினீயர் எங்கள் ஆபீசுக்கு நாலு கட்டடம் தள்ளி உட்கார்ந்திருந்தார்! அந்தச் சீட்டோடு நான் அங்கே நடந்து போயிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. போனது ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஊரே இருண்டு கிடக்கும்போது கரண்ட் எங்கிருந்து வரும் என்று தீயணைப்புக்காரர்கள் அந்த ஒயர்மேனைத் திட்டித் தீர்த்துவிட்டார்களாம். அவர் செய்ததுதான் சரி. அந்தத் தெருவில் ஒரு கல்யாண மண்டபம், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மெயினைப் பிரிக்காமல் ஜெனரேட்டர் போட்டால் கரண்ட் பின்பக்கமாக லைனில் ஏறும். செத்த கம்பி என்று தொட்டவன்தான் சாவான். மண்டபத்தை நிறுத்தச் சொல்லி, கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு போட்டு, அப்புறம்தான் மிஷினைத் தொடவிட்டார். பெரியவர் பிழைத்துவிட்டார். கால் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேலே விழுந்துபோன கம்பங்களை நட வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின்வாரிய ஆட்கள் வந்தார்கள். நல்ல வேலைக்காரர்கள். ஆனால் எந்த லாரியில் உள்ளூர் ஒயர்மேன் ஏறி உட்கார்ந்தாரோ அந்த லாரிதான் சாயந்தரத்துக்குள் தெருவில் வெளிச்சம் கொண்டுவந்தது. மற்றவை கீழத்தெருவைத் தேடி மேலத்தெருவில் கம்பம் இறக்கின.

2019 சித்திரையில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். யாரும் உத்தரவு போடவில்லை. ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம்: லஸ்கர் அண்ணன், அந்த ஒயர்மேன், தீயணைப்பு வண்டி டிரைவர், 108 வண்டி ஓட்டும் பைலட், கிராம நர்ஸம்மா. முதல் பத்தியில் ஊர்க்காரர் சொல்லும் பெயர். அதற்கு நேரே அந்த இடத்துக்கு ஒவ்வொரு துறையும் வைத்திருக்கும் பெயர். எனக்கு இவ்வளவுதான் தோன்றியிருந்தது. மற்றதெல்லாம் அவர்கள் சேர்த்தது.

"லாரி போகுமான்னு எழுதறீங்க மேடம். போறது பெரிசில்ல. திரும்பணும்ல?" என்றார் டிரைவர். தண்ணீர் நிரப்பிய வண்டியை ஆற்றங்கரையில் ரிவர்ஸ் எடுத்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். 'வண்டி திரும்ப இடம்' என்று ஒரு பத்தி சேர்ந்தது. எழுபத்திரண்டு இடங்கள் எழுதினோம். அதில் பெரிய வண்டி திரும்புகிற இடம் பத்தொன்பதுதான்.

நர்ஸம்மா கடைசி வரை பேசவே இல்லை. டீயைக் குடித்துவிட்டு, "நீங்கல்லாம் எடத்த எழுதறீங்க. ஆள யாரும் எழுதலையே?" என்றார். எந்த வீட்டில் மாசமான பெண், எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாதவர், யாருக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து மழையாகக் கொட்டியது. அதை மட்டும் அந்த நோட்டில் ஏற்றவில்லை. தனி நோட்டு, அவர் பையில். மழைக்காலம் தொடங்கும்போது எத்தனை பேர், எந்தத் தெரு என்பதை மட்டும் 108-க்குச் சொல்வார்.

கரை விஷயத்தை லஸ்கர் அண்ணன் தீர்த்துவைத்தார். ஆறு வளைந்து வளைந்து போகிற இடத்தில் வடகரை தென்கரைகூடக் குழப்பம்தான் என்றார். அதனால் போன் செய்கிறவரிடம் கேட்க ஒரே கேள்வி: "நீங்க நிக்கிற எடத்துலேருந்து ஆத்தத் தாண்டாம எந்த ஊருக்குப் போகலாம்?" பதில் வந்த மாத்திரத்தில் லாரி எந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். நோட்டு அட்டையின் உள்பக்கத்தில் சிவப்பு மையில் அதை எழுதினேன். எல்.சி.யையும் எழுதினேன், அதன் இரண்டு அர்த்தங்களோடு.

செல்போனில் லொக்கேஷன் அனுப்பினால் போதாதா என்று என் மகன் கேட்கிறான். டவர் இருக்கிற வரைக்கும் சரி. கஜா அன்று இல்லை. மாதிரி ஒத்திகைகளும் வருஷா வருஷம் நடக்கின்றன. படகு, லைஃப் ஜாக்கெட், மயங்கி விழுவதற்கென்றே டிபன் சாப்பிட்டுவிட்டு வந்த என்.எஸ்.எஸ். பையன்கள். எல்லாம் பட்டப்பகலில், பஸ் நிற்கிற இடத்தில். நான் பார்த்த எந்த ஒத்திகையிலும் ஒருவரும் வழி கேட்டதில்லை. ஒரே ஒரு தரம், ராத்திரி ஒன்பது மணிக்கு, ஊர்க்காரர் ஒருவரை விட்டுப் பேர் மட்டும் சொல்லச் சொல்லி நாலு வண்டியையும் அங்கே வரச் சொல்லுங்கள் என்று கூட்டத்தில் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

ஓய்வு பெறும்போது நோட்டை நாலு ஜெராக்ஸ் எடுத்து நாலு இடத்தில் கொடுத்தேன். மூன்று எங்கே இருக்கின்றனவோ. தீயணைப்பு நிலையத்துப் பிரதி மட்டும் உயிரோடு இருக்கிறது என்று போன ஐப்பசியில்தான் தெரிந்தது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி போன் செய்தார். லீவு நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு நோட்டில் உள்ள இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"மேடம், முப்பத்தோராவது வரியில தோப்பு முக்குன்னு எழுதியிருக்கீங்க. இங்க தோப்பே இல்லைங்களே?"

"கஜால மொத்தத் தென்னையும் போயிருச்சு தம்பி."

"இப்ப இங்க ஒரு பெட்ரோல் பங்க் இருக்குதுங்க. அதை எழுதிக்கிட்டுங்களா?"

"எழுதிக்கங்க. தோப்பு முக்கை மட்டும் அடிச்சிடாதீங்க. ராத்திரில போன் பண்றவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."